இராவணன் மீசையை வழித்தவன்

தர்ஷினி என்ற பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் பென்சன் எடுத்து ஐந்து வருடமாகிறது. மரம் நடுகிற எங்கள் பழைய கந்தோரிலிருந்து யாராவது கூப்பிட்டால், பெரும்பாலும் ஏதாவது சாவி எங்கே என்று கேட்கத்தான் இருக்கும். இந்தப் பிள்ளை கேட்டது வேறு.

"ஐயா, உங்கட வெளிக்களக் கொப்பி ஒண்டு அலுமாரிக்குள்ள கிடந்தது. எடுத்துப் பாத்தனான். வடிவான எழுத்து ஐயா."

என் எழுத்தைப் புகழ்ந்தால் நான் உருகிவிடுவேன். என்னை வேலை வாங்க வேண்டுமென்றால் அதுதான் வழி என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். "சொல்லுங்கோ பிள்ளை" என்றேன்.

"அதில ஒரு பக்கத்தில 'பற்றை அகற்றப்பட்டது' எண்டு போட்டு, ஓரத்தில 'பா' எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது என்ன பற்றை ஐயா?"

அவள் விளக்கம் சொன்னாள். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையில் நாங்கள் நட்ட சவுக்குகளை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டப் போகிறார்களாம். சவுக்கு இந்த மண்ணுக்குரிய மரம் இல்லை, அதன் கீழே வேறொன்றும் முளைக்கவும் இல்லை, அதனால் முன்பு அந்தக் கரையில் தானாக நின்றவற்றையே திரும்ப நடப் போகிறார்கள். முன்பு நின்றது என்ன என்று தெரிய வேண்டும். எழுத்தில் இருப்பது என் கொப்பி மட்டும்தான். அதில் இருப்பது அந்த ஒரு சொல்.

"லைன் சரியில்லை பிள்ளை, பிறகு எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டத் தேவையில்லை. நாற்றுமேடையில் பை நிரப்புகிறவனாகத்தான் தொடங்கினேன். சண்டைக் காலத்தில் பாதி நாட்கள் சோதனைச் சாவடிகளில் நின்றே போயின; சீனன்குடாவில் பஸ்ஸை மறித்து இறக்கினால், மடியில் இருக்கும் கன்றுப் பைகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்ட வேண்டும். அப்படியே படிப்படியாக வெளிக்கள உத்தியோகத்தர் ஆனேன். அந்தப் பதவிக்கு வந்த அன்றே ஹமீது சேரின் கையில் அகப்பட்டேன்.

ஹமீது சேர் மூதூர்க்காரர். எங்கள் பொறுப்பதிகாரி. சத்தம் போட மாட்டார். கரைக்குப் போனால் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பிறகு ஒரு இடத்தில் குந்திவிடுவார். அரை மணித்தியாலம் ஒன்றும் செய்ய மாட்டார், எங்களையும் செய்ய விட மாட்டார். காற்று எந்தப் பக்கம், மண் எந்தப் பக்கம் ஓடுகிறது, மாடு எந்த வழியால் வருகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்தவர்கள் மனிசன் வெயிலில் நித்திரை கொள்கிறார் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

அலையேறும் கிண்ணியாச் சேற்றில் கண்டல் மரம் நட எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். கண்டல் காய் முருங்கைக்காய் போல மரத்தில் தொங்கும். அதைப் பிடுங்கக் கூடாது. கழுத்து மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்த்து, மெல்லத் தொட வேண்டும். கையோடு வந்தால் முற்றிய காய், வராவிட்டால் அடுத்த கிழமை. மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போக வேண்டும், அதற்கு மேல் போனால் அழுகும், குறைந்தால் அலை கொண்டுபோகும். கொழும்பிலிருந்து படமெடுக்க வருகிற பெரியவர்கள் பாதிக் காயைத் தலைகீழாகக் குத்திவிட்டுப் போவார்கள். அவர்களுடைய வாகனம் மறைந்ததும் நாங்கள் இறங்கி ஒவ்வொன்றாகத் திருப்பி நடுவோம். சேர் அதற்கும் சிரிக்க மாட்டார்.

அவருடைய பெரிய சட்டம் கொப்பியில்தான். வெளிக்களத்தில் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்தது என்றால் 'பா'. யாரோ சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. நாங்களாக நினைத்தது என்றால் 'நி'. எழுத்தில்லாத வரியை அவர் வாசிக்கவே மாட்டார்.

ஒருமுறை, "மாடு கண்டல் கன்றுகளைத் தின்றுவிட்டது" என்று எழுதி 'பா' போட்டிருந்தேன்.

"என்ன நிற மாடு தம்பி?"

"மாட்டைக் காணேல்லை சேர். கண்டு கடிபட்டுக் கிடந்தது."

"அப்ப நீங்க பார்த்தது கடிய. மாடு உங்கட நினைப்பு." சிவப்பு மையால் 'பா'வை வெட்டி 'நி' போட்டார். பிறகு விசாரித்தால் அது ஆடு.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போயிற்று. நான் ஒழுங்கான ஆள். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டவனில்லை. அதில் ஒரு கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம்தான் பிறகு என்னைக் கொண்டுபோய்ச் சுழியில் விட்டது.

சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் சவுக்கு நட வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. எங்கள் தெற்குப் பக்கத்தில் அது சண்டையால் நின்றுபோய், இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. ஊரின் பெயரை நான் எழுதவில்லை. திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடலால் போய், அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு போக வேண்டிய ஊர். கடலுக்கும் குடிமனைக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்மேடு. சனம் இல்லாத காலத்தில் யாரும் மிதிக்காமல், மேடு முழுவதும் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்து மூடியிருந்தன. இராவணன் மீசை முள்ளுப் புல்லு. காலில் குத்தினால் அன்று முழுவதும் நினைவிருக்கும். அதன் காய் முள்ளுருண்டையாகக் காற்றில் கரையோரம் உருண்டு ஓடும்.

மேட்டுக்குப் பின்னால் ஊரின் பூவல்கள் இருந்தன. பூவல் என்றால் மணலில் இடுப்பளவுக்குத் தோண்டிய ஊற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் தண்ணீர் அவ்வளவு தித்திப்பு. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் குடிக்கவும் சமைக்கவும் அதுதான். வேறு நல்ல தண்ணீர் இல்லை.

நடுகை தொடங்க வேண்டிய நேரம் பார்த்து ஹமீது சேர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"மேட்டில கால் வைக்க முதல் அங்க இரிக்கிற ஆக்களோட கதையுங்க தம்பி. கதைச்சத எழுதி வையுங்க. வந்து பார்க்கிறன்."

கதைத்தேன். அதில் பொய்யில்லை.

கொழும்புப் படிவத்தில் நிலத்தின் நிலைமைக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று மரம், மற்றது பற்றை. மரம் என்றால் எண்ணிக்கை எழுத வேண்டும். பற்றை என்றால் அகற்றப்பட்டதா, இல்லையா என்று எழுத வேண்டும். அகற்றப்படவில்லை என்றால் காரணம் தனித்தாளில் எழுதி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூதூரிலிருந்து ஆட்களும் உழவு இயந்திரமும் வந்து நின்றன. படமெடுக்கிறவர்கள் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் செல்வராணி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பூவலில் அள்ளிய குடத்தை இடுப்பில் வைத்தபடியே மேட்டில் ஏறி வந்து என் முன்னால் நின்றாள்.

"என்ன ஐயா செய்யப் போறீங்கள்?"

"பற்றையைத் துப்புரவாக்கிப்போட்டு மரம் நடப் போறம் தங்கச்சி. கடல் வந்தா மறிக்கும்."

"இது பற்றை இல்லை ஐயா. இது இராவணன் மீசை, அது அடம்பன். இதுகள்தான் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு. இதைப் பிடுங்கினா மேடு நிக்காது. மேடு போனா எங்கட பூவலும் போயிடும்."

"அதுக்குத்தானே மரம் நடுறம்."

"மரம் வளர எத்தினை வருசம் ஐயா? வாடைக் காத்து அடுத்த மாசம், கடல் ஏறும்."

"சரி, எழுதுறன்" என்றேன்.

"எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. செல்வராணி."

கொப்பியைத் திறந்து பேனை மூடியைக் கழற்றினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். குடம் கனத்திருக்க வேண்டும், இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் எழுதவில்லை. எழுதினால் 'கே' போட வேண்டும். 'கே' போட்ட வரியைச் சேர் விசாரிக்காமல் விட மாட்டார். அப்படியானால் வேலையை நிறுத்த வேண்டும், தனித்தாள் எழுத வேண்டும், படமெடுக்கிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் காரணம். இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: இத்தனை வருடம் கன்றோடு கிடந்த எனக்கு, குடத்தோடு வந்த ஒரு பெண் பாடம் சொல்வது பிடிக்கவில்லை. கண்டலில் நான் கெட்டிக்காரன். மணலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

பேனையை மூடி, ஆட்களுக்குக் கையைக் காட்டினேன். மூன்று நாளில் மேடு முழுவதும் வழித்தெடுத்தாயிற்று. பிடுங்கியதைக் குவித்து நெருப்பு வைத்ததும் நான்தான். சவரம் செய்த முகம் மாதிரி மேடு பளிச்சென்று இருந்தது. வரிசை பிசகாமல் சவுக்குக் கன்றுகள். படத்தில் மிக அழகாக விழுந்தது. கோணேசர் கோயிலடியில், இராவணன் வாளால் பிளந்த பாறை என்று சொல்கிற இராவணன் வெட்டு இருக்கிற மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, இராவணனுடைய மீசையையே வழித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதும் நினைவிருக்கிறது.

சேர் திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சில கிழமைகளுக்கு வாசிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கந்தோரில் கதிரையில் சாய்ந்திருந்து, "கொப்பிய வாசியுங்க தம்பி" என்றார். அவருக்குப் பதிலாக நான் வாசித்தது அது ஒரு முறைதான்.

"பற்றை அகற்றப்பட்டது. பா."

"என்ன பற்றை?"

"சும்மா பற்றை சேர்."

"பார்த்தீங்க எண்டு போட்டிரிக்கீங்க. பார்த்ததுக்குப் பேர் இல்லையா?"

"கலந்து கிடந்தது சேர்."

"கேட்டதில ஒண்டும் இல்லையே. ஊர் ஆக்கள் ஒண்டும் சொல்லல்லையா?"

"இல்லை சேர். ஒண்டும் சொல்லேல்லை."

அவர் நம்பினார். நான் வாசித்தால் உள்ளதைத்தான் வாசிப்பேன் என்று அவருக்கு நம்பிக்கை. அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஊரார் ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கவில்லை" என்ற வரியையும் என் வடிவான எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன்.

வாடைக் காற்று வந்தது. மூன்றாம் நாள் செய்தி வந்து ஓடிப் போனேன். மேட்டின் நடுப்பகுதி இல்லை. கன்றுகள் வரிசையோடு போயிருந்தன. கடல் தாண்டி வந்து பூவல்களை மூடியிருந்தது. சனம் மண்ணை அள்ளிப் பூவலைத் திரும்பத் தோண்டிக்கொண்டிருந்தது. செல்வராணி என்னைக் கண்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடியுங்கோ ஐயா. தூரத்தில இருந்து வந்தனீங்கள்."

குடித்தேன். உப்பு. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்கினேன்.

அடுத்த மழைக்கு உப்பு குறையும் என்றார்கள். குறையவில்லை. ஊர்ச்சனம் கந்தோருக்கு மனுக் கொடுத்தது: நீங்கள் பிடுங்கினதால்தான் தண்ணீர் கெட்டது, குடிதண்ணீருக்கு வழி செய்யுங்கள் என்று. மேலிடத்திலிருந்து பதில் போயிற்று. நடுகைக்கு முன் ஊரார் ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கவில்லை என்று அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதோடு மனு முடிந்தது. அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டு எழும்பித் தெருப்பக்கம் போயின. அதற்குப் பிறகும் பல வருடம் பெண்கள் அரை மணித்தியாலம் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். மேடு உடைந்த இடத்தில் நாங்கள் மறுபடியும் சவுக்கு நட்டோம். அது வளர்ந்தது. அதன் பின்னால் பூவலில் தண்ணீர் அள்ளத்தான் யாரும் இல்லை.

கண்ணாடி கழற்றிய பிறகு ஹமீது சேர் என்னோடு ஒருமுறை அங்கே வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடு இருந்த இடத்தில் குந்தினார். வழக்கமான அரை மணித்தியாலத்தை விட அதிக நேரம் இருந்தார்.

"தம்பி, நான் பார்க்காம கையெழுத்து வச்சேன். பிழை என்டதான்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் ஓய்வு பெறும்போது மாலை போட்டேன், மேடையில் பேசினேன், 'பா, கே, நி'யைப் பற்றித்தான் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மௌத்தானபோது மூதூருக்குப் போய் ஜனாஸா அடக்கத்தில் நின்றேன். பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனிசன் போனார்.

தர்ஷினி இரண்டாம் தடவை எடுத்தபோது சொன்னேன். "இராவணன் மீசை பிள்ளை. கடல் பக்கம் அடம்பன். எல்லாம் நிண்டது. நான்தான் பிடுங்கினனான்."

அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. "நன்றி ஐயா. ஒரு பிரச்சினை இருக்கு. ஊர்ச்சனம் எங்களோட கதைக்குதில்லை. கூட்டம் வச்சா ஒருத்தரும் வாறேல்லை. பழைய அறிக்கையில அவை ஒண்டும் சொல்லேல்லை எண்டுதானே இருக்கு. அப்பயும் இப்பிடித்தானோ?"

"நான் உங்களோட வாறன்" என்றேன். "அந்தக் கொப்பியையும் கொண்டு வாங்கோ."

இப்போது பாலம் இருக்கிறது. கடலில் போகத் தேவையில்லை. செல்வராணியின் வீடு தெருவோரம், முற்றத்தில் ஒரு குழாய். தலை நரைத்திருந்தது. வாசல் படலையடியில் என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மீசை வழிச்ச ஐயா தானே?"

தர்ஷினிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இத்தனை வருடமும் அந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர் என்று அன்றுதான் அறிந்தேன். பொருத்தமான பெயர்தான்.

"ஓம் தங்கச்சி. நான்தான்."

விறாந்தையில் இருக்கச் சொன்னாள். தர்ஷினி வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினாள். செல்வராணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முந்தியும் கேட்டவை பிள்ளை. நான் சொன்னனான். பிறகு நாங்கள் ஒண்டுமே சொல்லேல்லை எண்டு கடிதம் வந்தது. இனி என்னத்தைச் சொல்ல?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் கொப்பியை வாங்கினேன். தாள் பழுத்திருந்தது. 'பற்றை அகற்றப்பட்டது' என்ற வரிக்கு மேலே ஒரு வரி அளவுக்கு இடம் இருந்தது. அன்று அவள் பெயரை எழுத விட்ட இடம் அது. பேனையை மூடியபோது அப்படியே விட்டிருந்தேன். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதவன் விட்ட ஒரே ஒரு வெறுமை.

எழுத்து வடிவாக வரவில்லை. எழுதி முடித்து, இன்றைய திகதியும் போட்டு, சத்தமாக வாசித்தேன்.

"இது பற்றை அல்ல, இராவணன் மீசையும் அடம்பனும், இவற்றைப் பிடுங்கினால் மேடும் பூவலும் போகும் என்று செல்வராணி என்பவர் அன்றே சொன்னார். கே."

செல்வராணி தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம். அப்பிடித்தான் சொன்னனான்" என்றாள். பிறகு, கோபம் இல்லாமல், உண்மையிலேயே அறிய வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"இதை அண்டைக்கு எழுத எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் ஐயா?"

"ஒரு நிமிசம்" என்றேன்.